மெதுவாக நடந்த சில்வண்டு

செத்தவன் பெயர் பட்டாணி. வயது மூன்றரை. நீளம் ஒரு சாண். உடம்பெல்லாம் மஞ்சள், அதன்மேல் கறுப்புப் புள்ளிகள். தொழில், கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கல்லின்மேல் படுத்துக்கொண்டு போகிறவர் வருகிறவரை முறைப்பது.

"பல்லியா சார்?" என்றேன்.

"பல்லிதான்," என்றார் எதிரே உட்கார்ந்திருந்தவர்.

"வளர்த்த பல்லியா?"

"வளர்த்த பல்லிதான் தம்பி."

எங்கள் ஆபீஸ் டியூப்லைட்டுக்குப் பின்னால் நாலு பேர் குடும்பம் நடத்துகிறார்கள். அவர்களில் யாராவது போய்ச் சேர்ந்தால் விளக்குமாறுதான் வரும், துப்பறிகிறவர் வரமாட்டார். இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணி ஒரு பார்வை பார்த்தார். திறந்த வாயில் டீயை ஊற்றி மூடிக்கொண்டேன்.

அண்ணி என்றால் சொந்த அண்ணன் மனைவி. இந்தத் துப்பறியும் ஆபீஸை ஆரம்பித்தது அண்ணன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, ஷூ லேஸ் கட்டக் குனிந்தவன் நிமிரவேயில்லை. அண்ணி போர்டைக் கழற்றிவிடுவார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் பாட்டுக்கு அவன் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, நிலுவையில் இருந்த கேஸ்களைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். நான் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன், ஃபைல் எழுதுகிறேன், தேவையில்லாததையெல்லாம் பேசுகிறேன்.

வந்திருந்தவர் பூச்சி மருந்து அடிப்பவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கும் சலவை செய்த கம்பெனிச் சட்டையில் இருந்தார். பாக்கெட்டில் மடித்துவைத்த மஞ்சள் தாள்கள். பேசப் பேச அதில் ஒன்றை எடுத்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"அது என்ன சார், லவ் லெட்டரா?"

"நோட்டீஸ் தம்பி. மருந்து அடிச்ச இடத்துல ஒட்டறது. குழந்தைங்க, நாய், பூனை எதுவும் பத்து நாளைக்கு அந்தப் பக்கம் போகக்கூடாதுன்னு இருக்கும். பதினாறு வருஷ சர்வீஸ். ஒட்டாம ஒரு கடையை, ஒரு ஆஸ்பத்திரியை விட்டதில்லை." சொல்லிவிட்டுத் தாளைப் பாக்கெட்டில் வைத்தார். மறுபடி எடுத்தார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் அண்ணி.

மகளுக்குப் பதினோரு வயது. குட்டி என்றுதான் கூப்பிடுவது. அவள் அம்மா இறந்து நாலு வருஷம். அம்மா போனபிறகு ஆறு மாதம் அவள் யாரோடும் பேசவில்லை. யாரோ சொன்னார்கள் என்று ஒரு குட்டிப் பல்லியை வாங்கிக் கொடுத்தார். முதலில் அதோடு பேசினாள். அப்புறம் இவரோடு.

"அந்தப் பல்லிதான் மேடம் எனக்கு என் பொண்ணைத் திருப்பிக் குடுத்துச்சு," என்றார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். வந்த சித்திக்குப் பல்லி என்றால் உடம்பெல்லாம் கூசும். குட்டியின் அறைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. வாசலில் நின்றே சாப்பிடக் கூப்பிடுவார். ஒருநாள் போனில் தன் அக்காவிடம், "இது செத்தாத்தான் எனக்கு நிம்மதி" என்று சொன்னதைக் குட்டி கேட்டுவிட்டாள்.

"வியாழன், வெள்ளி ரெண்டு நாள் குட்டி ஸ்கூல் கேம்ப் போயிருந்தா. வெள்ளி சாயங்காலம் வந்து பார்த்தா பட்டாணி நடுங்கறான். சனிக்கிழமை காலையில போயிட்டான்." அவர் நிமிர்ந்தார். "அந்த நடுக்கம் எனக்குத் தெரியும் மேடம். தினமும் பார்க்கிற நடுக்கம். அது மருந்து. நான் வீட்டுக்குள்ள ஒரு சொட்டுக்கூடக் கொண்டு வரமாட்டேன். கம்பெனியிலயே குளிச்சு, துணி மாத்திட்டுதான் வருவேன். அப்ப எப்படி வந்துச்சு? யார் குடுத்தா?"

"குட்டி என்ன சொல்றா?"

"சித்திதான்னு சொல்றா."

"சித்தி?"

"ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. சுவத்தையே பார்த்துக்கிட்டு இருக்கா." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணிக்குக் குட்டியோட பெரியம்மா கார்ல வர்றாங்க. குட்டி பையைக் கட்டிட்டா. இந்த வீட்டுல இனிமே இருக்கமாட்டாளாம். போனா திரும்ப வரமாட்டா மேடம், அவ பிடிவாதம் எனக்குத் தெரியும். என் சம்சாரம் செய்யலைன்னா எப்படியாவது அவளை நிறுத்தணும். செஞ்சிருந்தா..." தாளை மறுபடி மடிக்க ஆரம்பித்தார்.

அண்ணி கைப்பையை எடுத்தார். "தம்பி, வண்டியை எடு."

*

மூன்றாவது மாடி. குட்டியின் அறை வாசலிலேயே நீல நிறப் பை, ஜிப் இழுத்து, பூட்டுப் போட்டுத் தயாராக இருந்தது. குட்டி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சோப்பு டப்பா. உள்ளே, அவளுடைய கைக்குட்டையைப் போர்த்திக்கொண்டு பட்டாணி.

"நீங்க போலீஸா?" என்றாள் என்னிடம்.

"போலீஸ்னா எனக்குப் பயம் கண்ணு. அதான் இந்த வேலைக்கு வந்துட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. "அவங்களைப் பிடிப்பீங்களா?"

அண்ணி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் அவனைப் பார்க்கலாமா கண்ணு?" என்று அனுமதி கேட்டார். குட்டி கைக்குட்டையை விலக்கினாள். நான் இதுவரைக்கும் பல்லியின் முகத்தைப் பார்த்ததில்லை. அது சிரித்த மாதிரிதான் இருந்தது. செத்தபிறகும் அந்தச் சிரிப்பு போகவில்லை, அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

அண்ணி தொட்டியின் முன்னால் மண்டியிட்டார். ஒரு கல், ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ள ஒரு கவிழ்த்த சட்டி. ரெண்டு நிமிஷம் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு புருவம் திருத்தும் இடுக்கியைக் கைப்பையிலிருந்து எடுத்து, சட்டிக்குப் பின்னாலிருந்து எதையோ கவ்வித் தூக்கினார்.

ஒரு பூச்சியின் கால். மடங்கிய பின்னங்கால். கன்னங்கரேலென்று இருந்தது.

"குட்டி, பட்டாணிக்குத் தினமும் என்ன சாப்பாடு?"

"சில்வண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள். கடையில விப்பாங்க."

"வெள்ளிக்கிழமை யார் போடணும்?"

"அப்பாதான். பெட்டியில தீர்ந்துபோச்சு, வாங்கிப் போடுப்பான்னு சொல்லிட்டுத்தான் போனேன்."

அறை வாசலில் நின்றிருந்த அப்பாவின் முகம் வெளுத்தது. "கண்ணு... ஒரு கிடங்குக்கு மருந்து அடிக்கற வேலை வந்துடுச்சு. சுத்தமா மறந்துட்டேன்."

"அப்ப பட்டாணி வெள்ளிக்கிழமை பட்டினி இருந்திருக்கணும்," என்றார் அண்ணி. "பட்டினி இருக்கவேண்டியவன் வாயில விழுந்தது யாரோட கால்?"

குட்டி எட்டிப் பார்த்தாள். "இது கடைப் பூச்சி இல்லை. அது வெளுப்பா இருக்கும்."

*

சமையலறையில் சித்தி எங்களுக்கு டீ போட்டார். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். கண் வீங்கியிருந்தது. கேட்டதற்கெல்லாம் "தெரியல" என்ற ஒரே பதில். அறைக்குள் போனீர்களா? தெரியல. வெள்ளிக்கிழமை வீட்டில் யார் இருந்தது? தெரியல. இந்த அம்மா தன் பக்கம் சாட்சி சொல்லக்கூடத் தயாராக இல்லை என்பது எனக்கே புரிந்தது.

"ஒரு ஸ்பூன் சர்க்கரை சேர்த்துப் போடுங்க," என்றார் அண்ணி.

நான் திரும்பிப் பார்த்தேன். பதினைந்து வருஷமாக அண்ணி டீயில் சர்க்கரையே போட்டுக்கொள்வதில்லை.

சித்தி சர்க்கரை ஜாடியை எடுத்தார். தகர மூடிமேல் அகலமாகப் பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. அண்ணி அந்த டீயை ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளிக்காமல் கீழே வைத்தார்.

படியிறங்கும்போது கேட்டேன். "திடீர்னு என்ன அண்ணி, சர்க்கரைமேல ஆசை?"

"ஜாடியைக் கிட்டத்துல பார்க்கணும்னு ஆசை."

"பார்த்தாச்சா?"

"டேப்புக்குக் கீழ மேடுபள்ளமா இருக்கு. நீ வண்டியை எடு, வளவளன்னு பேசாதே."

*

குட்டி சொன்ன கடையில் முயல், கிளி, மீன் எல்லாவற்றின் சத்தத்தையும் மீறிக் கடைக்காரரின் சத்தம் கேட்டது. எந்நேரமும் கூண்டுகளுக்கு நடுவிலேயே இருப்பதால் அவருக்குக் 'கூண்டு' என்றே பெயர்.

அண்ணி காகிதத்தில் மடித்த காலைக் காட்டினார். கூண்டு ஒரு பார்வையில் சொன்னார். "நம்ம கடைச் சரக்கில்லை மேடம். இது வெளிச் சில்வண்டு. சுவர் இடுக்குல, சாக்கடை ஓரத்துல இருந்துக்கிட்டு இருட்டினா கிர்ருன்னு கத்துமே, அந்த ஜாதி."

"வெள்ளிக்கிழமை யாராவது சில்வண்டு கேட்டு வந்தாங்களா?"

"ஒரு அம்மா வந்தாங்க. மத்தியானம். கடைக்குள்ளயே வரல, வாசப்படியில நின்னுக்கிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, சில்வண்டு இருக்கான்னு கேட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சரக்கு திங்கக்கிழமைதான்னு சொன்னேன்."

"போயிட்டாங்களா?"

"எங்கே? அதுவரைக்கும் பட்டினி கிடந்தா என்ன ஆகும்னு கேட்டாங்க." கூண்டு கழுத்தைச் சொறிந்தார். "நான் போன்ல ஒருத்தன்கூடச் சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன். பதில் சொல்லல. கையை விரிச்சுட்டு உள்ளே போயிட்டேன்."

"பட்டினி கிடந்தா என்னதான் ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது மேடம். வளர்ந்த பல்லி ஒரு வாரம் பத்து நாள்கூடச் சாதாரணமா இருக்கும். வால்ல கொழுப்பு வெச்சிருக்கே."

அதை அவர் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. கையை விரித்தார். பல்லியைப்பற்றி ஒன்றும் தெரியாத ஒருத்தி அந்தக் கையை எப்படிப் படித்திருப்பாள்?

"இன்னொண்ணும் கேட்டாங்க," என்றார் கூண்டு. "வெளியில இருக்கிற சில்வண்டை எப்படிப் பிடிக்கிறதுன்னு. எம்மா, அது தாவற தாவலுக்கு எனக்கே சிக்காதும்மான்னேன்."

*

மூன்றே முக்கால். குட்டியின் வீடு இருக்கும் கட்டடத்தின் பின்பக்கம். சுவர் ஓரமாக நாலடி அகலத்துக்குப் புல்லும் செங்கல்லும்.

"பிடி," என்றார் அண்ணி.

"எதை?"

"சில்வண்டை."

அடுத்த கால் மணி நேரத்தை என் வாழ்க்கையிலிருந்து அழித்துவிடச் சம்மதம். ஒரு செங்கல்லைப் புரட்டினேன். கறுப்பாக ஒன்று என் மூக்கின்மேல் ஏறி, தலையைத் தாண்டி, காணாமல் போனது. அடுத்தது சட்டைக்குள் புகுந்தது. மூன்றாவதைத் துரத்தி முட்டியைச் சிராய்த்துக்கொண்டேன். கீழ்வீட்டு ஜன்னலில் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"நானே முப்பத்தஞ்சு வயசு ஆம்பிளை, ஒண்ணுகூடச் சிக்கல. பல்லியைப் பார்த்தாலே கண்ணை மூடற அம்மா எப்படிப் பிடிச்சிருப்பாங்க? வேற யாரோதான் அண்ணி."

"அங்கே போய்ப் பிடி," என்று சுவரின் மறுகோடியைக் காட்டினார்.

அங்கே ஒரு சாக்கடை மூடி. மூடியின் ஓரத்தில் ஒரு சில்வண்டு இருந்தது. முன்னெச்சரிக்கையாக ரெண்டு கையையும் குவித்துக்கொண்டு பாய்ந்தேன். பாய்ந்திருக்க வேண்டாம். அது தாவவில்லை. மெதுவாக, எங்கோ போக வேண்டியதை மறந்துவிட்டது போல நடந்தது. கையை நீட்டினேன், கையிலேயே ஏறிவிட்டது. கால்கள் நடுங்கின.

குனிந்து பார்த்தேன். மூடியைச் சுற்றி இன்னும் ஏழெட்டுப் பூச்சிகள் மல்லாந்து கிடந்தன.

"மருந்து அடிச்ச இடம்," என்றேன். "மருந்து பட்ட பூச்சி. அதான் கையில சிக்குது. அதைத் தின்னவனுக்கும் அதே நடுக்கம்."

அண்ணி பூச்சியைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுத்தமான வெள்ளைச் சுவர். அதில் ஒரு காகிதமும் இல்லை.

தையல்காரரிடம் போய், இங்கே யார் மருந்து அடித்தது என்று கேட்டார். தையல்காரர் ரெண்டு விஷயம் சொன்னார். முதல் விஷயம், "நம்ம மூணாவது மாடிக்காரர்தான். கரப்பான் தொல்லைன்னு நான்தான் சொன்னேன். புதன்கிழமை லீவுல வந்து ஓசியிலயே அடிச்சுக் குடுத்தாரு. தங்கமான மனுஷன்." ரெண்டாவதைச் சொன்னபோது அண்ணி கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு மேலே போகவே பிடிக்கவில்லை. "அண்ணி, சொல்லாம போயிடலாமா? எப்படிச் செத்துச்சுன்னு தெரியல, மன்னிச்சுடுங்கன்னு சொல்லிடலாம். தெரிஞ்சு யாருக்கு என்ன ஆகப்போகுது?"

"உங்க அண்ணன் போனப்ப எனக்கு யாரும் காரணம் சொல்லல. நேரம்னாங்க, தலையெழுத்துன்னாங்க. ஆறு வருஷமா எதைப் பார்த்து அழறதுன்னு தெரியாம உட்கார்ந்திருக்கேன் தம்பி." படியேறத் தொடங்கினார். "அந்தக் குழந்தையாவது காரணத்தைப் பார்த்து அழட்டும்."

ஆறு வருஷத்தில் அண்ணி அண்ணனைப்பற்றி இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். நான் வாயை மூடிக்கொண்டு பின்னால் ஏறினேன்.

*

நாலரை. கூடத்தில் மூன்று பேரும் மூன்று மூலையில் இருந்தார்கள். குட்டி சோப்பு டப்பாவோடு, அப்பா மஞ்சள் தாளோடு, சித்தி சமையலறை வாசலில் வெறுங்கையோடு.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டாணிக்கு யாரோ வெளியிலேர்ந்து பூச்சி கொண்டுவந்து போட்டிருக்காங்க," என்று ஆரம்பித்தார் அண்ணி. "அந்தப் பூச்சி எந்த இடத்துலேர்ந்து..."

"நான்தான்," என்றார் சித்தி.

எல்லோரும் திரும்பினோம்.

"நான்தான் கொன்னேன். மருந்து வெச்சேன். எனக்கு அதைக் கண்டாலே பிடிக்காது. போதுமா? எழுதிக்குங்க. இவங்களை அனுப்பிடுங்க." கடைசி வாக்கியம் புருஷனுக்கு.

"பார்த்தியாப்பா!" குட்டி வீறிட்டாள். "நான் சொன்னேனா இல்லையா!"

மருந்துக்காரர் நாற்காலியில் அப்படியே சரிந்தார். எங்கள் கணக்கே தப்போ?

அண்ணி மட்டும் அசையவில்லை. "எந்த மருந்தும்மா?"

"இவரோடது."

"என்ன கலர்?"

சித்தி விழித்தார். "வெள்ளை."

மருந்துக்காரர் தலையைத் தூக்கினார். அது வெள்ளை இல்லை என்று அவர் முகமே சொன்னது.

அண்ணி சமையலறைக்குள் போய்ச் சர்க்கரை ஜாடியோடு வந்தார். நகத்தால் டேப்பைக் கிள்ளி, ஒரே இழுப்பில் உரித்தார். தகர மூடியில் ஓட்டைகள். நாலு நாலாக, ஒரே வரிசையில், முள்கரண்டியால் குத்தியவை.

"கொல்லணும்னு நினைக்கிறவங்க இதைச் செய்யமாட்டாங்கம்மா," என்றார். "பிடிச்ச பூச்சி வீடு வந்து சேர்ற வரைக்கும் மூச்சு விடட்டும்னு ஓட்டை போட்டிருக்கீங்க. பூச்சிமேலயே அவ்வளவு கவலை. நீங்களா பட்டாணிக்கு விஷம் வெப்பீங்க?"

சித்தி வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"பூச்சி வாங்க இவர் மறந்துட்டாருன்னுதான் நான் கடைக்குப் போனேன். கடைக்காரர் கையை விரிச்சுட்டாரு," என்றார். "அது செத்துடும்னு நினைச்சேன். இவ வந்து பார்த்து, நான் பட்டினி போட்டுக் கொன்னேன்னு சொல்வாளேன்னு பயந்தேன். அதுக்கு மட்டும் இல்லை. ஒருதடவையாவது, சித்தி பார்த்துக்கிட்டாங்கன்னு இவ சொல்லணும்னு ஆசையா இருந்துச்சு. காலியா இருந்த சர்க்கரை ஜாடியில மூணு பிடிச்சேன். மெதுவாத்தான் நடந்துச்சுங்க. எனக்குன்னே மெதுவா நடக்குதுன்னு நினைச்சு, மனசுக்குள்ள கடவுளுக்கு நன்றிகூடச் சொன்னேன்."

"எங்கே பிடிச்சே?" என்றார் மருந்துக்காரர்.

சித்தி குட்டியைப் பார்த்தார்.

"கேக்கறேன்ல, எங்கே பிடிச்சே?"

"தையல்காரர் எங்ககிட்ட ரெண்டு விஷயம் சொன்னார்," என்றார் அண்ணி. "புதன்கிழமை சாக்கடையில நீங்க மருந்து அடிச்சீங்கங்கறது ஒண்ணு. நேத்து காலையில உங்க சம்சாரம் வந்து அதே இடத்துல நின்னு, யார் மருந்து அடிச்சதுன்னு கேட்டாங்கங்கறது இன்னொண்ணு. அவங்களுக்கு நேத்தே எல்லாம் தெரியும் சார்."

மருந்துக்காரரின் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது. மஞ்சள் தாளை எடுத்து, முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நம்ம வீடுதானேன்னு..." என்றார். "நம்ம வீட்டுக்கு எதுக்கு நோட்டீஸ்னு விட்டுட்டேன்."

பதினாறு வருஷம் முன்பின் தெரியாதவர்களின் பிள்ளைகளையும் நாய்களையும் காப்பாற்றியவர். சொந்தச் சுவரில் ஒரு தாளை ஒட்டவில்லை. அவர் அழுத மாதிரி ஒரு ஆம்பிளை அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதில் வெட்கமில்லை.

"ஏன்டி நேத்தே சொல்லல?" என்று சித்தியைக் கேட்டார்.

"அவளுக்கு இருக்கறது நீங்க ஒருத்தர்தான். உங்க மேல கோபம் வந்தா அவ எங்கே போவா? என்மேல ஏற்கெனவே இருக்கு. இன்னும் கொஞ்சம் கூடினா எனக்கு ஒண்ணும் இல்லை."

குட்டி எழுந்து வந்து சித்திக்கு முன்னால் நின்றாள்.

"கையாலயா பிடிச்சீங்க?"

"ம்."

"அவனுக்கும் கையாலதான் குடுத்தீங்களா?"

"எப்படிக் குடுக்கணும்னு தெரியல. கண்ணை மூடிக்கிட்டுக் கையை உள்ளே விட்டேன். வந்து எடுத்துக்கிட்டான். மூணாவதுக்கு விரலை நக்கினான்."

"ஜில்லுன்னு இருந்துச்சா?"

சித்தி தலையாட்டினார். "ஜில்லுன்னு இருக்கும்னுதான் நினைச்சேன். இல்லை. காய்ஞ்சு, மெத்துன்னு இருந்துச்சு."

"ஆமா," என்றாள் குட்டி. "மெத்துன்னுதான் இருக்கும்." சோப்பு டப்பாவைத் தடவினாள். "அவனுக்குப் பசிச்சிருக்காது சித்தி. அவன் ஒரு வாரம்கூட இருப்பான். எனக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்லிட்டுப் போகணும்னு எனக்குத் தோணவே இல்லை."

சோப்பு டப்பாவோடு அப்படியே சித்தியின் மடியில் விழுந்து, குரல் எடுத்து அழுதாள். இரண்டு நாளாக அழாத அழுகை அது. சித்தியின் கை அவள் முதுகுக்குமேல் அந்தரத்திலேயே நின்றது. தொடலாமா என்று தெரியாமல் நின்று, பிறகு தொட்டது.

*

ஐந்து மணிக்குக் கீழே ஹாரன் சத்தம் கேட்டது.

குட்டி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அப்பாவின் கையிலிருந்து மஞ்சள் தாளை வாங்கினாள். "தேதி என்ன போடணும்?" என்று தரையைப் பார்த்துக் கேட்டாள். "புதன்கிழமை," என்றார் அவர். எழுதினாள். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே இறங்கினோம். சாக்கடை மூடிக்கு மேலே, வெள்ளைச் சுவரில், எட்டிய உயரத்தில் ஒட்டினாள்.

"பட்டாணியை இங்கே புல்லுல வெச்சுடலாமா கண்ணு?" என்று அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இங்கே வேண்டாம். இங்கே மருந்து இருக்கு. அவனுக்கு மறுபடியும் படக்கூடாது."

காரைவிட்டு இறங்கிய பெரியம்மா எங்கள் எல்லோருடைய முகத்தையும் பார்த்துவிட்டுப் பின்கதவைத் திறந்துவிட்டார். பெரியம்மா வீட்டில் தோட்டம் இருக்கிறதாம். குட்டி பின்சீட்டில் ஏறினாள். கதவைச் சாத்தவில்லை.

"சித்தியும் வரட்டும்," என்றாள்.

சித்தி புருஷனைத் திரும்பிப் பார்த்தார். அவர் போ என்று தலையாட்டினார். குட்டி அப்பாவின் பக்கம் ஒருதடவைகூடத் திரும்பவில்லை. கார் தெருமுனை திரும்பி மறைந்தது.

சித்தி பயந்தது அப்படியே நடந்துவிட்டது. எங்களைக் கூப்பிட்டவர் மருந்துக்காரர். உண்மையைக் கண்டுபிடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டோம். வெறுங்கையோடு சுவரோரமாக நின்று, மகளின் கையெழுத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். என் அண்ணனின் ஆபீஸில் நான் சேர்ந்த நாளிலிருந்து இவ்வளவு கேவலமாக ஜெயித்ததில்லை.

"குடிக்கத் தண்ணி கொண்டு வரேன்," என்று சொல்லிவிட்டு மூன்று மாடி ஏறினேன். வீடு திறந்தே கிடந்தது. தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பும்போது பார்த்தேன். பார்த்ததும் டம்ளரை அங்கேயே வைத்துவிட்டுப் படிகளை ரெண்டு ரெண்டாகத் தாண்டி ஓடிவந்தேன்.

இந்த ஆபீஸில் துப்பைக் கண்டுபிடிப்பது எப்போதும் அண்ணிதான். இது ஒன்று மட்டும் என்னுடையது.

"சார்," என்றேன். மூச்சு வாங்கியது. "குட்டியோட பை."

"என்ன?"

"நீலப் பை சார். பூட்டுப் போட்டு வெச்சிருந்தாளே. எடுத்துட்டுப் போகல. மேலேயே இருக்கு."

அவர் என்னையே பார்த்தார். பிறகு அந்தச் சுவரில், மஞ்சள் தாளுக்குப் பக்கத்தில், நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். அண்ணி அவர் பக்கத்தில் போய் நின்றார். அண்ணியும் அழுதுகொண்டிருந்தார்.